பேகம்பூர் வீட்டில் மலை ஓணான்கள்

பேகம்பூரில் ஃபயாஸ் வீட்டுக்கு ஏசி வாங்கியது அவருடைய அம்மா காதர் பீவிக்காக. மூச்சிழுப்பு உள்ளவர், கோடை வந்தால் படாத பாடு படுவார். ஆனால் மூன்று வருஷத்துக்கு முந்தைய சித்திரையில் அந்த ஏசி அறையில் குடியிருந்தவை ஓணான்கள். மருமகள் ஷமா கொண்டுவந்து வைத்தவை. காதர் பீவி கூடத்தில் டேபிள் ஃபேன் முன்னால் படுத்துக்கொண்டார்.

“எனக்குக் குடுக்காத மரியாதைய ஓணானுக்குக் குடுக்குறாங்க,” என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார். சொல்வதில் குறையும் இருந்தது, கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஷமா ஊரில் ஒரு பெண்கள் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறாள். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தாள். எடுத்துக்கொண்ட விஷயம், கொடைக்கானலுக்கும் மேலே குளிர்ந்த உச்சிகளில் வாழும் ஓணான், அரணை, பல்லி வகைகள். “பல்லி பாக்கவா அம்புட்டுத் தூரம் போற? நம்ம வீட்டுச் சுவத்துல இல்லாததா?” என்று ஃபயாஸ் சிரித்தார். சிரித்தாலும், விடிவதற்கு முன் வண்டியில் கூட்டிப் போய் கொடைக்கானல் பஸ்ஸில் ஏற்றிவிடுவார்.

வீட்டுச் சுவரில் இருப்பதும் மலையில் இருப்பதும் ஒன்றல்ல. அங்கே காலைக் குளிரில் புதர்க்கிளையைப் பிடித்தபடி முள்முதுகு ஓணான் ஒன்று கறுத்துப் போய் உட்கார்ந்திருக்கும். கையில் எடுத்தாலும் ஓடாது. ஓட அதன் உடம்பில் சூடு இருக்காது. வெயில் வந்து முதுகில் விழுந்த பிறகு கறுப்பு மெல்ல விலகிப் பச்சை தெரியும். சோலைக்குள் அழுகிய இலைகளுக்கு அடியில் வால் நீலமாக மின்னும் குட்டி அரணைகள் உண்டு. பாறை வெடிப்புகளில் விரல் நீளம்கூட இல்லாத பல்லிகள். குளிரோடு காலம் தள்ள ஒவ்வொன்றும் ஒரு வழி வைத்திருந்தது. குளிர் குறைந்துகொண்டே போனால் அவை என்ன ஆகும், எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதுதான் ஷமாவின் கேள்வி.

அதைத் தெரிந்துகொள்ள, சிலவற்றைக் கீழே கொண்டுவந்து குளிரூட்டிய அறையில் வைத்து, சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பார்க்க வேண்டும். அவை தவிக்கத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். முடிந்ததும் பிடித்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். வனத்துறை அனுமதி தந்தது, கல்லூரி ஆய்வகத்தில் மட்டுமே வைக்கலாம் என்ற நிபந்தனையோடு. மலையில் அவற்றைத் தேடிப் பிடித்துக் கொடுத்தவள் வனக்காப்பாளர் மணிமேகலை. பிடித்த ஒவ்வொன்றையும் துணிப்பைக்குள் இறக்கும்போது, “பத்திரமா கொண்டுட்டு வந்துருங்க மேடம்,” என்பாள்.

கோடை விடுமுறை தொடங்கியதும் கல்லூரியில் சாயங்காலமானால் ஆய்வகத்துக்கு மின்சாரத்தை நிறுத்தத் தொடங்கினார்கள். ஷமா கேட்டுப் பார்த்தாள்; நடக்கவில்லை. அப்போதே வனத்துறையிடம் சொல்லி அவற்றைத் திருப்பி விட்டிருக்கலாம். இன்னும் சில நாள் வேலைதானே என்று, பெட்டிகளை யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

அக்னி நட்சத்திரம் தொடங்கிய வாரம் அவளுக்கு மதுரையில் விடைத்தாள் திருத்தும் வேலை வந்தது. ஹாலுக்குள் போகும்போது செல்போனை வாசலில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். ஃபயாஸ் செருப்புக் கடைக்குச் சரக்கு எடுக்க ஆம்பூர் போயிருந்தார். அன்று முற்பகலில் தெருமுனை டிரான்ஸ்பார்மர் வெடித்தது.

காதர் பீவி ஷமாவுக்குப் போன் போட்டார். மறுபடியும் மறுபடியும் போட்டார். பிறகு அந்த அறைக்குள் போனார். ஓணானைத் தொட அவருக்குப் பயம்; பெட்டிகள் மேல் ஈரத்துண்டைப் போர்த்தினார். மீன் கடையிலிருந்து ஐஸ் வாங்கி வரச் சொல்லிப் பெட்டிகளைச் சுற்றிக் குவித்தார். மூச்சு இரைக்க இரைக்க உட்கார்ந்து விசிறினார். ஐஸ் கரைந்து தரையெல்லாம் ஓடியது. கரண்ட் வரவில்லை.

ஷமா வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்துவிட்டது. அரணைகள் எல்லாம் செத்துப் போயிருந்தன. பல்லிகளும் போயிருந்தன. ஓணான்களில் ஒன்று மட்டும் வாயைத் திறந்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. காதர் பீவி எழ முடியாமல் சுவரில் சாய்ந்திருந்தார்.

“நான் என்னம்மா செய்வேன்? நீ போனே எடுக்கலியே.”

ஷமா அவரைத் தூக்கி உட்காரவைத்து இன்ஹேலரை எடுத்துக் கொடுத்தாள். மூச்சு சீரானதும் அவர் மெதுவாகக் கேட்டார். “இதுக்குப் போலீஸ் வருமா?”

“தெரியல மாமி,” என்றாள் ஷமா. அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

மறுநாள் காலை அவளுடைய ஆய்வு வழிகாட்டி ஈஸ்வரன் போனில் முழுக்கக் கேட்டார். கெட்டவர் இல்லை, மாணவிகளைக் கைவிடாதவர் என்று பெயர். “பெட்டிக்குள்ள சூட்டைப் பதிவு பண்ற கருவி இருந்துச்சுல்ல?” என்றார்.

“இருந்துச்சு சார்.”

“அப்ப எந்தச் சூடு வரைக்கும் போச்சுன்னு அதுல இருக்கும். உனக்கு வேண்டியதும் அதுதானே? லேப்ல வச்சுப் பண்ணும்போது செத்துருச்சுன்னு எழுதிரு. ஆராய்ச்சின்னா சிலது சாகத்தான் செய்யும். வனத்துறையில கோவப்பட மாட்டாங்க.”

“லேப்ல இல்லயே சார்.”

“அது உனக்கும் எனக்கும்தான் தெரியும் ஷமா. இத்தன வருஷ உழைப்ப யோசிச்சுப் பாரு.”

அவள் யோசித்தாள். அன்று பகல் முழுக்க அதைத்தான் யோசித்தாள். கருவியில் இருந்தது பொய்யில்லை. எழுதினால் அந்த உச்சிகளுக்கேகூட உதவலாம். ஃபயாஸும் ஆம்பூரிலிருந்து அதையேதான் சொன்னார். “எழுதிட்டுப் போ. செத்தது திரும்பி வரவா போகுது?” ஆனால் உயிரோடிருந்த அந்த ஒன்றைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு மணிமேகலையின் குரல் கேட்டது. அந்தப் பெண்ணிடம் எந்த முகத்தோடு இதைத் திருப்பிக் கொடுப்பது?

அடுத்த நாள், ஈரத்துணி சுற்றிய பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏற ஏற, திறந்திருந்த அதன் வாய் மூடியது. வருவதாக மட்டும் போனில் சொல்லியிருந்ததால், மேலே சோலை ஓரத்தில் மணிமேகலை காத்திருந்தாள். பெட்டியைத் திறந்து பார்த்தாள்.

“மத்ததெல்லாம்?”

ஷமா சொன்னாள். வீட்டில் வைத்திருந்ததையும் சேர்த்துச் சொன்னாள்.

மணிமேகலையின் முகம் இறுகியது. “உங்கள நம்பி நாந்தானே மேடம் பிடிச்சுக் குடுத்தேன்? நான் ரேஞ்சருக்குச் சொல்லியாகணும்.”

“நானே அவரப் பாத்துச் சொல்லத்தான் வந்தேன்.”

“நீங்க சொல்லிட்டுக் கீழ போயிருவீங்க. என்னையத்தானே கேப்பாங்க?”

மணிமேகலை ஓணானை எடுத்து, பிடித்த அதே புதரில் ஒரு கிளையில் வைத்தாள். அது கிளையை இறுகப் பிடித்துக்கொண்டது. ஒரு அடிகூட நகரவில்லை. மேகம் இறங்கி வந்து புதரை மூடியது. பிழைத்ததா இல்லையா என்று இருவருக்கும் தெரியாமலே போனது.

ஷமாவின் அனுமதி ரத்தானது. ஈஸ்வரன் வருத்தத்தோடு, இனி தன்னால் வழிகாட்ட முடியாது என்றார். நாளடைவில் பட்டப் பதிவும் காலாவதியானது. இதையெல்லாம் அவள் எதிர்பார்த்திருந்தாள். மணிமேகலைக்கு மெமோ கொடுத்ததையும், கிடைக்கவேண்டிய பதவி உயர்வு அவளுக்குத் தள்ளிப்போனதையும் கேட்டபோதுதான் தாங்கமுடியவில்லை. மணிமேகலைமேல் தவறில்லை என்று அதிகாரியை நேரில் பார்த்து இரண்டு முறை சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான். உண்மையைச் சொன்னதால் மனப்பாரம் இறங்கும் என்பார்கள். அவளுக்கு இறங்கவில்லை. வேறொருத்தியின் தலையில் பாதியை வைத்துவிட்டதாகத்தான் தோன்றியது.

காதர் பீவி ஏசி அறைக்குத் திரும்ப வெகுநாள் மறுத்தார். “அந்த ரூமுல படுத்தா தூக்கம் வராது,” என்றார். அடுத்த கோடையில் மூச்சிழுப்பு முற்றியபோதுதான் வேறு வழியில்லாமல் போய்ப் படுத்தார்.

ஷமா மலைக்குப் போவதை நிறுத்தவில்லை. எதையும் பிடிப்பதில்லை; தொடுவதுகூட இல்லை. விடுமுறை கிடைத்தால் பஸ் ஏறிப் போய், பொதுப்பாதை ஓரங்களில் நின்று, எது எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவாள். பட்டமும் இல்லாமல் எதற்கு என்று ஃபயாஸ் முதலில் கேட்டார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார். மணிமேகலை எதிரே வந்தால் தலையை மட்டும் அசைத்துவிட்டுக் கடந்துபோவாள். அப்படியே இரண்டு வருஷம் போனது.

இந்த வருஷம் மாசியில் ஒருநாள், எப்போதும் முள்முதுகு ஓணான் தென்படும் வளைவில் ஷமா வெகுநேரம் தேடிக்கொண்டிருந்தாள். ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. மலைமேல் பனி இருக்கவேண்டிய மாதத்தில் அவளுக்கு வியர்த்தது. பின்னால் பூட்ஸ் சத்தம் கேட்டுத் திரும்பினாள்.

“இந்த வளைவுல இப்பல்லாம் இல்ல மேடம்,” என்றாள் மணிமேகலை. “போன வருஷமே கொறஞ்சு போச்சு.”

“மேல இருக்கா?”

“கொஞ்சம் இருக்கு. அதுக்கு மேல மலையே இல்லியே.”

பிறகு மணிமேகலை முன்னால் நடந்தாள். வாருங்கள் என்று சொல்லவில்லை. வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஷமா நாலடி தள்ளிப் பின்னால் ஏறினாள்.