கைதை ரசலையன்

ரசலையன் என்ற பெயரை நான் முதலில் கேட்டது போனில். 2011 ஆனி மாதம். நான் மணவாளக்குறிச்சியில் இருந்தேன். நாகர்கோவிலில் மகன் பெனிஷோடு இருக்கும் என் தங்கை ராகேல் கூப்பிட்டாள்.

"அக்கா, ரசலையன் சித்தப்பா கைதைக்காக ஜேசிபிக்க முன்னால போயி நின்னுட்டாரு."

"அது யாருட்டி ரசலையன்?"

"நம்ம அஜிதாவுக்க அப்பாக்க தம்பி."

அஜிதா பெனிஷ் கெட்டிய பெண். அவள் அப்பா ஞானதாசனைக் கல்யாணத்தில் பார்த்திருக்கிறேன். அவருக்கு இப்படி ஒரு தம்பி உண்டு என்று யாரும் சொல்லவில்லை. சொந்த ஊர் அருமனை. கேரளத்தில் ரப்பர் வெட்டிக்கொண்டிருந்தாராம். மனைவி இறந்த பிறகு, பிள்ளைகளும் இல்லாததால், அஜிதா கூட்டிவந்து வைத்திருக்கிறாள்.

"கைதைச்சக்கைக்கா நிக்காரு? வடசேரிச் சந்தையில குமிஞ்சு கெடக்கே. ஒண்ணு வாங்கிக் குடுத்து வீட்டுக்குக் கூட்டிட்டு வரப்பிடாதா?"

"எனக்கும் வெளங்கல்ல. நீ வந்து பாரு."

அன்னாசிப் பழத்துக்கு வழிமறிக்கிற மனுசனைப் பார்க்காமல் இருக்க முடியுமா? அடுத்த நாளே பஸ் ஏறினேன்.

பெனிஷ் வீட்டுக்குப் பின்னால் ஓலைக்குளம். சுற்றிலும் வீடுகள் வந்து நெருக்க, நடுவில் மிஞ்சிய சிறு குளம். கரையைக் கல் கெட்டி நடைபாதை போட ஆள் வந்திருந்தது. மெலிந்த ஒருவர் கரையில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் முள்ளும் மடலுமாக ஒரே தாழங்காடு.

"கைதை எங்க?" என்று கேட்டேன்.

"இதாக்கும் கைதை" என்று தாழையைக் காட்டினார்.

அருமனைப் பக்கத்தில் தாழைக்குக் கைதை என்றுதான் பேராம். நாங்கள் கைதை என்ற வார்த்தையை, அன்னாசியைச் சொல்லும் கைதைச்சக்கையில்தான் கேட்டிருக்கிறோம்.

அவர் விரலை உதட்டில் வைத்தார். தாழைக்கு அடியிலிருந்து ஒரு கறுத்த பறவை வந்தது. மூக்கும் நெற்றியும் செக்கச்செவேல் என்று இருந்தன. பின்னால் கறுப்புப் பஞ்சு போலக் குஞ்சுகள்.

"கைதைக்கோழி. இந்த முள்ளுக்குள்ள நாயும் பூனையும் கேறாது. அதனாலயாக்கும் இங்க கூடு வைக்குது" என்றார். "காலத்தே இதுக்க சத்தம் கேட்டாத்தான் எனக்கு எழும்பத் தோணும். இது போச்சுதுண்ணா நானும் அருமனைக்குப் போயிருவேன்."

அங்கே பூட்டிக் கிடக்கிற வீட்டில் இவருக்குக் கஞ்சி வைக்கக்கூட ஆளில்லை என்று அஜிதா அழுதாள்.

வேலையைப் பார்க்க வந்திருந்த மேஸ்திரி குமாரதாஸ் நாகர்கோவில்காரன். நல்லவன்தான். "அண்ணாச்சி, கைதையத் தொடமாட்டேன், போதுமா?" என்று வாக்குக் கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லாருமாக வந்தால், கரை மொட்டையாகக் கிடக்கிறது. மூலையில், யாரோ தின்றுவிட்டுப் போட்ட கொண்டையிலிருந்து முளைத்த அன்னாசிச் செடிகள். அவற்றைச் சுற்றிக் கம்பு நட்டு, சிவப்பு ரிப்பன் கெட்டியிருந்தது.

"பாத்தியளா அண்ணாச்சி? கைதையில ஒரு இல முறியல்ல" என்றான் குமாரதாஸ்.

ரசலையன் குனிந்து ஒரு அன்னாசி இலையைப் பிடித்துக் காட்டினார். "ஏலே, இது கைதைச்சக்கையாக்கும்."

"பின்ன நீரு சொன்னது?"

"நீ லாறியில ஏத்தி அனுப்பினியே, அது."

"அது தாழையில்லா வேய்? தாழைண்ணா தாழைண்ணு சொல்லப்பிடாதா?" என்று சொல்லும்போதே அவன் குரல் இறங்கிவிட்டது.

குமாரதாஸ் அன்று சோறு தின்னவில்லை. லாறி தட்டிவிட்ட இடத்துக்கே போய், வேர் தொங்கின தாழந்துண்டுகளைப் பொறுக்கித் திரும்பக் கொண்டுவந்தான். மேற்குக் கரையில் கல் வைக்காமல் விட்டான். அதற்கு மேலிடத்தில் என்ன சொல்லிச் சமாளித்தானோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டு பேருமாகச் சேற்றில் இறங்கி நட்டார்கள்.

தாழை பிடித்தது. கோழி வரவில்லை. அந்த வருசமும் இல்லை, அடுத்த வருசமும் இல்லை. கூட்டை இழந்த பறவை எங்கே போகும் என்று நான் எத்தனையோ பேரிடம் கேட்டுப் பார்த்தேன், யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் ரசலையன் பையில் துணி எடுத்து வைத்துவிட்டார். அடைமழை விட்டதும் புறப்படுகிறதாகச் சொன்னார்.

மழை விடுவதற்குள் குமாரதாஸ் குடை பிடித்து வந்து நின்றான். "ஓய், உம்ம கோழி வந்துட்டு."

"எந்தக் கோழி? கைதைக்கோழியா?"

"தாழைக்கோழி வேய். உம்ம ஊருப் பேரச் சொல்லி இன்னொருக்கா என்னக் குழியில தள்ளாதேயும்."

அஜிதா பையைப் பிரித்துத் துணிகளை மறுபடி கொடியில் போட்டாள்.

ரசலையன் இப்போது ஓலைக்குளத்தங்கரையில், பெனிஷ் வீட்டுப் பின்னறையில் இருக்கிறார்.