பெயரை மட்டும் மறைத்த அண்ணன்

அண்ணன் மறைந்து, இந்த மாசி அமாவாசையோடு ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், மலையேறி வந்திருக்கும் சங்கத்து நண்பர்களுக்கும் அண்ணனின் ஒரே தங்கையின் வணக்கம். அண்ணனைப் பற்றி எழுத என்னைவிடப் படித்தவர்கள் சங்கத்தில் பலர் இருக்கிறார்கள். ஆனாலும் காரியதரிசியான டாக்டர் அவர்கள் என்னைத்தான் எழுதச் சொன்னார். பிறப்பு, படிப்பு, பட்ட கஷ்டங்கள், நற்குணங்கள், கடைசி நாட்கள் எல்லாவற்றையும் உள்ளபடி எழுதும்படி கடிதம் போட்டிருந்தார். எழுதி முடித்ததும் ஒருமுறை தமக்குக் காட்டச் சொன்னார். அச்சான பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன்.

அண்ணன் பிறந்தது கொல்லிமலையில், அரியூர் நாட்டில். மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. எங்கள் அய்யன் அடிவாரத்துக் குடியானவர். சேந்தமங்கலத்துப் பக்கம் மழை பொய்த்து நிலம் காய்ந்தபோது, காப்பித் தோட்டம் ஒன்றில் மேஸ்திரி வேலைக்கு மலையேறினார். பிறகு பள்ளத்தில் கொஞ்சம் நெல் வயல் வாங்கி இங்கேயே தங்கிவிட்டார். அண்ணனுக்குப் பிறகு பிறந்த மூன்று பேரை மலைக்காய்ச்சல் கொண்டுபோயிற்று. அதனால் அண்ணனுக்கும் எனக்கும் பதினாறு வயது வித்தியாசம். எனக்கு நடை பழக்கியவர் அண்ணன்தான்.

படிக்க வேண்டும் என்று அவர் சேந்தமங்கலத்துக்கு இறங்கிப் போய், உறவினர் வீட்டு மாட்டுக் கொட்டகையில் தங்கினார். சாணி அள்ளிப் போட்ட பிறகுதான் காலைச் சோறு. திருச்சிக்குப் போய் பி.ஏ. முடித்து, படித்த பள்ளிக்கூடத்துக்கே வாத்தியாராக வந்தபோது அந்த உறவினர் தெருவில் எழுந்து நின்று கும்பிட்டாராம். அண்ணன் இதை அடிக்கடி சொல்வார். கும்பிட்டதை மட்டும்தான் சொல்வார். சாணி அள்ளியதை எனக்குச் சொன்னது எங்கள் அம்மா.

சென்னையிலிருந்து மனோதத்துவப் புத்தகங்களைத் தபாலில் வரவழைத்துப் படித்தார். படித்ததோடு நிற்கவில்லை. பேய் பிடித்ததென்று கட்டிப்போட்டவர்களையும், வாயடைத்துப் போனவர்களையும் தேடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஓர் ஆள் தன் ஜோடி எருதுகள் செத்ததிலிருந்து எட்டு மாதமாக ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணன் ஞாயிற்றுக்கிழமைதோறும் மலையேறிப் போய் அவருடைய வெறும் கட்டுத்தறியின் அருகில் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவார். ஏழாவது ஞாயிறு அந்த ஆள் வாயைத் திறந்து அழுதார். இதில் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லவில்லை. கேட்பதில் அண்ணனுக்கு இணை கிடையாது. குறுக்கே பேச மாட்டார், முகத்தையே உற்றுப் பார்க்க மாட்டார், கையை அசைக்காமல் மடியில் வைத்திருப்பார். எதிரே இருப்பவர் எதையும் மிச்சம் வைக்காமல் கொட்டிவிடுவார்.

இப்படி ஆலோசனை சொல்லும் வாத்தியார்களும் டாக்டர்களும் சேர்ந்து தொடங்கியதுதான் சங்கம். அதன் விதிகளை எழுதியவர் அண்ணன். ஆண்டுக்கு ஒருமுறை மகாசபையில் ஒவ்வொருவரும் தாம் பார்த்த ஒருவரைப் பற்றிக் குறிப்பு எழுதி வாசிக்க வேண்டும். பெயரைச் சொல்லக்கூடாது. ஆனால் சூழ்நிலையில் ஒன்றையும் விடக்கூடாது. வீடு, வாசல், மரம், தண்ணீர், கூட இருப்பவர்கள் எல்லாம் சேர்ந்துதான் மனது என்பது அண்ணனின் கட்சி. அடிவாரத்தில் இந்த விதி எப்படியோ ஓடிவிட்டது. மலையில் பெயரைச் சொல்லி ஆளைக் காட்டுகிற பழக்கமே கிடையாது. இன்ன நாடு, இன்ன மரத்து வீடு என்றால் போதும். மலையில் பிறந்த அண்ணனுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும் என்று நீங்கள் கேட்கலாம். நானும் பதினெட்டு வருஷம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

என்னை அரியூர் நாட்டிலேயே கட்டிக்கொடுத்திருந்தார்கள். அதுவும் அடிவாரத்திலிருந்து ஏறிவந்த குடும்பம்தான். வாசலில் இரட்டைப் பலாமரம், வீட்டுக்கும் வயலுக்கும் நடுவே ஓர் ஓடை. இருபத்திரண்டு வயதில் எனக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிறந்த இரண்டாவது மாதம் எனக்கு என்னவோ ஆயிற்று. தூக்கம் போயிற்று, சோறு இறங்கவில்லை. பலா இலை அசைந்தாலும் நெஞ்சு படபடத்தது. அண்ணன் பார்க்க வந்தபோது, வேறு யாரிடமும் சொல்ல முடியாததை அவரிடம் சொன்னேன்.

"அண்ணா, புள்ளையத் தூக்கிட்டு ஓடையத் தாண்டறப்பக் கையி தானா விட்டுருமோன்னு இருக்குதுங்க. வேணும்னே விட்டுருவனோன்னு இருக்குதுங்க."

அண்ணன் கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். மூன்று நாள் தங்கி, வேண்டிய மட்டும் என்னைப் பேசவிட்டார். பிள்ளை பெற்றவர்களில் பல பேருக்கு இந்த எண்ணம் வரும், வந்ததாலேயே ஒருத்தி கொலைகாரி ஆகிவிட மாட்டாள் என்று சொன்னார். அதைக் கேட்டு அழுதேன். அன்றைக்கே சோறு இறங்கிற்று. இரண்டு மாதத்தில் அந்தப் பயம் இருந்த இடம் தெரியவில்லை. என்னைக் குணப்படுத்தியவர் அண்ணன்தான், அதையும் இங்கே பதிந்து வைக்கிறேன்.

அந்த வருஷத்து மகாசபையை, கோடைக்குக் குளுமையாக இருக்கும் என்று மலைமேல் சோளக்காடு என்ற ஊரில் வைத்தார்கள். சந்தை கூடும் நாள். சங்கத்துப் பெரியவர்கள் அடிவாரத்திலிருந்து நடந்தே ஏறிவந்தார்கள். பந்தலுக்கு மூங்கிலும் விருந்துக்கு அரிசியும் கொடுத்தவர் என் மாமனார். ஆகவே முன்வரிசையில் அவருக்கு நாற்காலி. மிளகு விற்க வந்தவர்களும் பந்தலைச் சுற்றி நின்றார்கள். அன்றைக்குத்தான் சங்கத்துக்குப் புதுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பதாக ஏற்பாடு. அண்ணனும் டாக்டரும் நின்றார்கள். நான் குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு, பந்தலுக்குப் பின்னால் மற்றப் பெண்களோடு விருந்துக்குக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

அண்ணனின் குரல் கேட்டது. "ஒரு ஸ்திரீ. வயது இருபத்திரண்டு. அரியூர் நாடு. வாசலில் இரட்டைப் பலாமரம் உள்ள வீடு."

அதற்கு மேல் ஓடை வந்தது. குழந்தை வந்தது. நான் சொன்ன சொல் அப்படியே, நான் சொன்ன குரலிலேயே வந்தது. நறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராகக் கையை நிறுத்தினார்கள். என் நாத்தனார் எழுந்துபோய் என் குழந்தையைத் தூளியோடு எடுத்துக்கொண்டாள். வாசித்து முடித்ததும் கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. தலைவராக அண்ணனைத் தேர்ந்தெடுத்தார்கள். டாக்டரே முன்மொழிந்தார்.

மறுநாள் காலை என் மாமனார் அண்ணனை உட்காரவைத்து மோர் கொடுத்தார். "கூட்டத்துல நல்லாப் படிச்சீங்க தம்பி," என்றார். "உங்க தங்கச்சிய நீங்களே கூட்டிட்டுப் போயிருங்க. புள்ள இங்க இருக்கட்டும்."

குணமாகிவிட்டது, குறிப்பின் கடைசியில் அதையும் வாசித்தேனே என்று அண்ணன் என்னென்னவோ எடுத்துச் சொன்னார். குணமாகாமல் போனால் யார் பதில் சொல்வது என்று மாமனார் கேட்டார். என் கணவர் பலாமரத்தடியில் தலையைத் தொங்கப்போட்டு நின்றார். அடுத்த வருஷம் அவருக்கு வேறு கல்யாணம் செய்துவைத்தார்கள். எனக்கு அப்போது பால் கட்டியிருந்தது. மலையிறங்கும் வழியெல்லாம் ரவிக்கை நனைந்தது. அண்ணன் எனக்கு முன்னால் நடந்தபடி ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார்.

"நான் உம் பேரச் சொல்லவே இல்லியே கண்ணு."

அண்ணன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சங்கமே குடும்பம் என்பார். அந்தக் குடும்பத்துக்குச் சமைத்துப் போட்டவள் நான். சேந்தமங்கலத்து வீட்டுக்கு வந்த சங்கத்துப் பெரியவர்கள் அத்தனை பேரும் என் கைச்சோறு தின்றிருக்கிறார்கள். ரசம் நன்றாக இருக்கிறது என்று சொல்லாதவர் கிடையாது. இரட்டைப் பலாமரத்து ஸ்திரீ என்னவானாள் என்று கேட்டவரும் கிடையாது. நான் வந்த இரண்டாம் வருஷம் அண்ணனின் மேஜையைத் துடைக்கும்போது புதுக் குறிப்பு ஒன்று கண்ணில் பட்டது. குழந்தையைப் பிரிந்த தாய் எத்தனை மாதம் அழுவாள், எந்தச் சத்தம் கேட்டால் திடுக்கிடுவாள் என்று வரிசையாக எழுதியிருந்தார். அதற்கும் அந்த வருஷம் கைதட்டல் கிடைத்ததாகக் கேள்வி. அதற்குப் பிறகு நான் அண்ணன் எதிரில் அழுவதை விட்டுவிட்டேன்.

போன வருஷத்துக்கு முந்திய தை மாதம் என் மகளுக்குக் கல்யாணம். தாய் என்று ஒருத்தி இருப்பதாக அவளுக்குச் சொல்லித்தான் வளர்த்தார்கள். ஓடையில் போட்டுவிடப் பார்த்தவள் என்று சொல்லி வளர்த்தார்கள். கல்யாணத்துக்கு என்னை அழைக்கவில்லை. ஆனால் தாய்மாமன் இல்லாமல் முகூர்த்தம் நடக்குமா? அண்ணனுக்கு வெற்றிலை பாக்கு வைத்தார்கள். யுத்தக் காலத்தில் துணி கிடைக்காமல், நான்தான் நாமக்கல்லுக்குக் கரியில் ஓடும் பஸ்ஸில் போய்த் தாய்மாமன் சீருக்குக் கூறைப்புடவை தேடி வாங்கிவந்தேன். அண்ணன் அதைத் தட்டில் வைத்துக்கொண்டு மலையேறினார். மூன்றாம் நாள் திரும்பி வந்து, தமக்கு மாலை போட்டதையும் மேடையில் உட்காரவைத்ததையும் சொன்னார். புடவை அவளுக்கு எடுப்பாக இருந்ததா என்று கேட்டேன். சரியாகப் பார்க்கவில்லை என்றார்.

போன வருஷம் பொங்கல் கழிந்து அண்ணனுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதும், பிறந்த வீட்டில் சாக வேண்டும் என்று கேட்டார். நான்கு பேர் டோலி கட்டி அவரை அரியூர் நாட்டுக்கு ஏற்றிவந்தார்கள். இருபத்தோரு நாள் கிடந்தார். மத்தியானம் சாமைக் கஞ்சி குடித்ததும் கொஞ்சம் தெம்பு வரும், அப்போது பேசுவார். நான் அவரிடம் கற்றபடியே கேட்டேன். குறுக்கே பேசவில்லை, முகத்தை உற்றுப் பார்க்கவில்லை, கையை மடியில் வைத்துக்கொண்டேன். பத்தொன்பதாம் நாள் எதையும் மிச்சம் வைக்காமல் சொல்லிவிட்டார். அவர் தூங்கியதும் அவருடைய நோட்டையே எடுத்து, அவர் வகுத்த முறைப்படியே எழுதி வைத்தேன். அதை இங்கே தருகிறேன்.

ஒரு புருஷர். வயது ஐம்பத்தாறு. அரியூர் நாட்டில் பிறந்தவர், சேந்தமங்கலத்தில் வாத்தியார், ஒரு சங்கத்தின் தலைவர். உடன் இருப்பவள் ஒரு தங்கை. நெடுநாளாகத் தூக்கமில்லை. காரணம் கேட்டதற்குச் சொன்னது: "மரத்தச் சொன்னதுமே எல்லார் தலையும் உன் மாமனார் பக்கம் திரும்புச்சு கண்ணு. நான் பாத்தேன். அப்பவே நிறுத்தியிருக்கலாம். ஒருத்தரும் அசையாமக் கேட்டுட்டு இருந்தாங்க. அது எனக்கு நல்லா இருந்துச்சு. அதான் படிச்சு முடிச்சேன்."

குறிப்பு இவ்வளவுதான். சொல்லி முடித்த பிறகு அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, இது தம்மோடு போகட்டும், யாருக்கும் சொல்லிவிடாதே என்று கேட்டுக்கொண்டார்.

"பேரச் சொல்ல மாட்டனுங்க அண்ணா," என்றேன்.

அண்ணன் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். படித்தவர், உடனே புரிந்துவிட்டது. கையை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அடுத்த இரண்டு நாளும் அந்தப் பக்கம் பார்த்தே கிடந்தார். நான் வாயில் கஞ்சி விட்டேன், விழுங்கினார். மாசி அமாவாசை அன்று மத்தியானம் உயிர் பிரிந்தது. கண்ணை மூடிவிட்டதும் நான்தான். எனக்கு அப்போது அழுகை வந்தது. நடை பழக்கியவருக்காக அழுதேன்.

கடைசியாக நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். டோலி தூக்கிய நான்கு பேருக்கும், சுடுகாட்டுக்கு விறகு தந்த ஊராருக்கும், காகிதத் தட்டுப்பாட்டிலும் இந்த மலரை அச்சடித்துக் கொடுத்த அச்சகத்தாருக்கும் நன்றி. அன்றைக்குச் சோளக்காட்டுப் பந்தலில் ஒருவரும் அசையாமல் கேட்ட சங்கத்துப் பெரியவர்களுக்கும் நன்றி. உங்களில் ஒருவர் இருமியிருந்தால்கூட அண்ணன் நிறுத்தியிருக்கக்கூடும். அண்ணனின் விதியை நான் மீறவில்லை. முதல் பக்கத்திலிருந்து தேடிப் பாருங்கள், அவர் பெயர் எங்கும் கிடையாது.

தாய்மாமன் திதி என்பதால் என் மகளுக்கும் ஒரு பிரதி போகிறது. அவளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எனக்குப் பயம் வந்தது நிஜம் கண்ணு. ஆனால் அந்தப் பயத்தோடுதான் தினம் இரண்டு தடவை உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடையைத் தாண்டினேன். தண்ணீர் முழங்காலுக்கு மேல் போன நாளிலும் ஒரு கையால் உன் முதுகையும் ஒரு கையால் உன் தலையையும் பிடித்திருந்தேன். ஒரு நாளும் கை விடவில்லை. இதையும் சேர்த்துத்தான் அண்ணனிடம் சொன்னேன். குறிப்பில் அவர் எழுதாமல் விட்டது இது ஒன்றுதான்.

இங்ஙனம்,
இரட்டைப் பலாமரத்து வீட்டு ஸ்திரீ,
அரியூர் நாடு.