கண்ணாடிக்குப் பயந்த அக்கி

ஆடிப் பரணி அந்த வருடம் செவ்வாய்க்கிழமையில் வந்தது. விடிந்ததும் அம்மா வாசல் தெளித்துக் கோலம் போட்டாள். நைனா முதல் பஸ்ஸில் ஆர்.கே.பேட்டைக்கு விசைத்தறி வேலைக்குப் போனார். பண்டிகையை முன்னிட்டு மதியமே வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். நான் சாமந்திப் பூவைக் காம்பு கிள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தேன். மறுநாள் கிருத்திகை. முருகன் மலைக்கு எடுத்துப்போக, முதன்முதலாக எனக்கென்று ஒரு சின்னப் பூக்காவடி தயாராகிக்கொண்டிருந்தது.

பண்டிகைக்கு வந்திருந்த அத்தை, புதிதாக எடுத்த கையில்லாத கவுனை எனக்குப் போட்டுவிட்டுப் பார்த்தாள். அப்போதுதான் என் இடது தோளிலிருந்து முழங்கைவரை சிவப்பு நூல்கள் கிளை பிரிந்து ஓடுவது அவள் கண்ணில் பட்டது. சில மாதங்களாகவே அவை பள்ளிக்கூடச் சட்டைக்குள் இருந்தன. வலிக்காததால் நானும் யாரிடமும் சொல்லவில்லை.

"ஐயையோ, பொண்ணுக்கு அக்கி வந்து கீதும்மா! இதோட காவடி எடுக்கக் கூடாது. அடுத்த ஆடிக்குப் பாத்துக்கலாம்."

அடுத்த ஆடி எனக்கு அடுத்த பிறவி மாதிரி இருந்தது. ஓவென்று அழுதேன்.

எங்கள் பக்கத்தில் அக்கி என்றால் முதலில் குயவர் வீடுதான். காவியைக் குழைத்து அவர் உடம்பில் சிங்கம் எழுதினால் கொப்புளம் அடங்கும் என்பார்கள். அத்தை என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனாள். என் கையில் ஒரு கொப்புளம்கூட இல்லாததை யாரும் பொருட்படுத்தவில்லை.

"எரியுதா?" என்றார் குயவர்.

"இல்ல."

"அரிக்குதா?"

"இல்ல."

"அப்ப நாளைக்கு எரியும்" என்று எழுத ஆரம்பித்தார்.

சிங்கம் நாய்போல வந்தது. அழுகையை மறந்து, அதற்கு இன்னும் கொஞ்சம் பிடரி வைக்கச் சொன்னேன். பெரிய மனதோடு வைத்தார்.

மதியம் வந்த நைனா அந்தச் சிங்கத்தையும் என் வீங்கிய கண்களையும் பார்த்தார். உடனே என்னையும் அம்மாவையும் டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டரம்மா ஈரப் பஞ்சால் சிங்கத்தைத் துடைத்துவிட்டு, ஒரு கண்ணாடித் துண்டை என் கையில் வைத்து அழுத்தினார். சிவப்பு மறைந்தது. எடுத்தார், திரும்பி வந்தது. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

"இது அக்கி இல்லைங்க. தோலுக்கு அடியில இருக்கிற சின்ன ரத்தக்குழாய்ங்க விரிஞ்சு வெளிய தெரியுது. அபூர்வமா சிலருக்கு இப்படி வரும். யாருக்கும் ஒட்டாது. இவளுக்கு வலியும் இல்ல, ஆபத்தும் இல்ல. ஆனா மறையாமலே இருந்தாலும் இருக்கும்."

"மலைக்குப் போலாமாங்க?" என்றார் நைனா.

"ஓடியே ஏறலாம்."

என் காதில் விழுந்தது அது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடித் தம்ளரை எடுத்து வித்தையைக் காட்டினேன். அரை மணியில் தெருப் பிள்ளைகள் எல்லாரும் வாசலில் வரிசை கட்டிவிட்டார்கள்.

"தள்ளுடா, எனக்கு ஒரு தபா!"

"நீ ரெண்டு தபா அமுக்கிட்ட, போடா!"

கடைசியில் அத்தையும் வரிசையில் நின்றாள். தம்ளரை வைத்தும் எடுத்தும் நெடுநேரம் பார்த்தவள், "ஆங், அதான் பாத்தேன். சிங்கம் எழுதுனதாலதான் அக்கி இப்பிடிக் கண்ணாடிக்கே பயந்து ஓடுது" என்று தீர்ப்புச் சொன்னாள். பயந்த அக்கியோடு காவடி எடுக்கலாமாம். சிரித்துச் சிரித்து நைனாவுக்குப் புரையேறிவிட்டது. அம்மா அடுப்படியை விட்டு வரவே இல்லை.

மறுநாள் காலை, வாசல் தெளிப்பதற்கும் முன்னால், அம்மா என் பாயருகே வந்து உட்கார்ந்தாள். கட்டைவிரலால் என் தோளை அழுத்தினாள். எடுத்தாள். உற்றுப் பார்த்தாள். மறுபடியும் அழுத்தினாள். நேற்று அவளுக்கு முறை கிடைக்கவில்லையே என்று எனக்குப் பாவமாக இருந்தது.

"எவ்ளோ தபா வேணாலும் அமுக்கிக்கம்மா" என்று கையை நன்றாக நீட்டிக் கொடுத்தேன்.