தங்கைக்கு மட்டும் அக்கா

ஃபாரஸ்ட் கேட்டில் புலம்பெயர்ந்தோர் நடத்தும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்காக ஒரு பழைய அமெரிக்க நாவலைத் தமிழாக்கத் தொடங்கினேன். அதை எழுதியவரிடம் எனக்குப் பிடித்தவை மூன்று. சிறுவர் புத்தகம் என்றாலே உபதேசம் என்றிருந்த காலத்தில் அவர் கதை சொன்னார். எழுதியே குடும்பத்தைக் காப்பாற்றினார். பிள்ளைகளை முட்டாள்களாக நினைக்கவில்லை.

பெரிய வகுப்புக்கு அதைப் பாடமாக வைப்பதா என்பதைத் தலைமை ஆசிரியைதான் முடிவுசெய்ய வேண்டும். முதல் அத்தியாயத்தை வாசித்துவிட்டு அவர் சொன்னார்: "பிள்ளை, இதில தங்கச்சி தமக்கையைப் பேர் சொல்லிக் கூப்பிடுறாள். எங்கட பிள்ளையள் முதல் அதைத்தான் பழகுவினம்."

நியாயம்தான். பேச்சில் மூத்தவளின் பெயர் வந்த இடமெல்லாம் 'அக்கா' என்று வரும்படி கணினியில் ஒரே கட்டளையில் மாற்றினேன். முதல் சில பக்கங்களைச் சரிபார்த்து அச்செடுத்தேன். நான் மென்பொருளைச் சோதிப்பவள். வேறொருவர் இப்படிச் செய்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

தலைமை ஆசிரியை முன்னிலையில், பெரிய வகுப்பில் ஒரு மாணவி அந்த அத்தியாயத்தை உரக்க வாசித்தாள். கடைசிப் பக்கத்தில் பக்கத்துப் பண்ணைக்காரன் தொப்பியைக் கையில் பிடித்தபடி மூத்தவள் முன் நிற்கிறான்.

"அக்கா, என்னைத் திருமணம் செய்துகொள்வாயா?"

வகுப்பே சிரித்தது. "மிஸ், இது லீகலோ?" என்றாள் பின்வரிசையில் ஒருத்தி.

தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் தங்கச்சியை மட்டும்தான் சொன்னனான், பிள்ளை."

புத்தகம் அத்தோடு போயிற்று என்று நினைத்தேன். வாசித்தவள் தாளைப் புரட்டிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"அவ ஓம் எண்டு சொன்னவவோ?"

"அடுத்த அத்தியாயத்தில் வரும்."

"அது எங்க?"

"இன்னும் எழுதவில்லை."

"அப்ப கெதியா எழுதுங்கோ மிஸ்."

தலைமை ஆசிரியை என்னைப் பார்த்தார். "மிச்சத்தையும் கொண்டு வாரும். ஆனா ஆர் ஆரை எப்பிடிக் கூப்பிடுறது எண்டு நீரே இருந்து யோசியும். மெஷினிட்ட விடாதையும்."

ஒவ்வொரு பேச்சையும் எடுத்து, யார் யாரிடம் பேசுகிறார் என்று பார்த்து எழுதினேன். அப்போதுதான் அந்த நாவலாசிரியையின் கைத்திறன் புரிந்தது. மூத்தவள் ஊர்த் தேவாலயப் போதகரிடம் அளந்து பேசுகிறாள். தங்கையிடம் மூச்சுவிடாமல் பேசுகிறாள். மரியாதையும் உரிமையும் அதிலேயே இருந்தன. நான் அவற்றுக்குத் தமிழ் உறவுப் பெயர்களைக் கண்டுபிடித்தால் போதும்.

இப்போது பெரிய வகுப்பு அதைத்தான் வாசிக்கிறது. போன சனிக்கிழமை, அந்தப் பண்ணைக்காரனுக்கு அவள் ஓம் சொன்னது சரியா பிழையா என்று இரண்டு மாணவிகள் சண்டை பிடித்தார்கள். கோபம் வந்தால் ஆங்கிலத்துக்குத் தாவுகிற பிள்ளைகள், கடைசிவரை தமிழிலேயே சண்டை பிடித்தார்கள். மணி அடித்தும் தலைமை ஆசிரியை அவர்களை நிறுத்தவில்லை.