வாடைக்கு வாங்கிய அடி

அப்பாவின் விரல் இடுக்குகளில் சிமெண்ட் வெள்ளையாகக் காய்ந்திருந்தது. அந்தக் கையால்தான் அம்மாவின் கன்னத்தில் அறைந்தார். தீபாவளிக்கு முன்னால் லாபிஸ் ஊரில் இருந்த எங்கள் வீட்டுக் கழிவறைக்குப் புதுத் தரை போட்டுவிட்டு, அடுப்படிக்கு டைல் ஒட்டிக்கொண்டிருந்தார். கழிவறையில் சாக்கடை வாடை அடிக்கிறதாம், அம்மா ஒழுங்காகக் கழுவுவதில்லையாம். தோட்டத்து லாரி ஓட்டியவர் அப்பா. வீட்டு வேலைக்கு வெளியாளைக் கூப்பிடுவது அவருக்குப் பெரிய அவமானம். பழைய டைலை உடைப்பது வெட்டி வேலை என்று சொல்லி, எங்கள் தாமான் குடியிருப்பில் பலரும் செய்வதுபோல அதன் மேலேயே புது டைலை ஒட்டி, கழிவறைப் பீங்கானைத் தூக்கி வைத்து இறுக்கிவிட்டார். அவர் வேலையில் குறை இருக்கலாம் என்று வீட்டில் யாராவது வாய் திறக்க முடியுமா?

நான் அப்போது சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலை பார்த்துக்கொண்டு வார இறுதியில் மட்டும் வீட்டுக்கு வருவேன். வரும்போதெல்லாம் அம்மா கழிவறையில் மண்டியிட்டுத் தேய்த்துக்கொண்டிருப்பார். குளோரக்ஸ் ப்ளீச்சில் ஊறி விரல் தோல் உரிந்திருக்கும். தேய்த்தாலும் வாடை போகவில்லை, அடியும் நிற்கவில்லை. ஒருநாள் தலைமுடியைப் பிடித்து முகம் கழுவும் தொட்டியில் மோதினார். அம்மாவின் உதடு கிழிந்து தொட்டியெல்லாம் ரத்தம். நடுவில் பாய்ந்த எனக்கும் காதோடு சேர்த்து ஒன்று விழுந்தது. இந்த ஆளைக் கொன்றுவிடலாம் என்று அப்போது தோன்றியது. மெய்யாகவே தோன்றியது.

மறுநாள் அவர் லாரியை எடுத்துக்கொண்டு போனதும் பீங்கானைக் கழற்றினேன். தரைக்கு அடியில் போகும் கழிவுக் குழாயின் வாயில் ஒரு வளையம் இருக்கும், ஃபிளாஞ்ச் என்பார்கள். அது தரை மட்டத்துக்கு இருந்தால்தான் பீங்கான் அதன்மேல் அழுந்தி உட்காரும். தரை உயர்ந்துவிட்டது, வளையம் பழைய இடத்திலேயே பள்ளத்தில் கிடந்தது. இடைவெளியில் கசிந்த நரகல் புது டைலுக்கு அடியில் ஊறிக்கிடந்தது. அம்மா ஆயுசுக்கும் தேய்த்திருந்தாலும் அங்கே கை எட்டியிருக்காது. உளியை வைத்துப் பழைய வளையத்தை அடித்து உடைத்தேன். ஒவ்வொரு அடியும் அவர் முகத்தில் விழுவதாக நினைத்துக்கொண்டுதான் அடித்தேன். உள்ளேயெல்லாம் சுத்தம் செய்து, உயரமான புது வளையம் வாங்கிப் பொருத்திப் பீங்கானை மறுபடி உட்கார வைத்தேன். வாடை நின்றுவிட்டது.

ராத்திரி அவர் சாப்பிட உட்கார்ந்தபோது உடைந்த வளையத்தைக் கழுவாமல் அப்படியே தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"நாறுனது உங்க வேலைதாம்பா. அம்மா இல்ல."

அதைக் கையால் ஒதுக்கிவிட்டு அவர் சோற்றைப் பிசைந்தார். ஜெயித்துவிட்டேன் என்று நம்பினேன். அடுத்த வாரம் வந்து பார்த்தால் அம்மாவின் இடது கண் வீங்கி மூடிக்கிடக்கிறது.

"ரசத்துல உப்பு கூடிப் போச்சுமா," என்றார் அம்மா.

வாடைக்காகத்தான் அடிக்கிறார் என்று நம்பி, ஓட்டையைத் தரையில் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றைக்கே அம்மாவை இழுத்துக்கொண்டு கிளம்பினேன். மறித்துக் கை ஓங்கியவரைப் பிடித்துத் தள்ளினேன். வாசல் கேட்டில் மண்டை மோதி விழுந்தார். அதற்காக எனக்கு இன்றுவரை துளி வருத்தம் கிடையாது.

இப்போது அம்மா தெப்ராவில் எங்கள் வீட்டில் என்னோடும் என் கணவரோடும் இருக்கிறார். போன மாதம் கழிவறைக்குப் புதுத் தரை போட்டோம். பழைய டைலை முழுக்க உடைத்தெடுத்து, புது வளையத்தைத் தரை மட்டத்துக்குச் சரியாகப் பொருத்தும்வரை நான் பக்கத்திலேயே நின்றேன். வாடை என்ற பேச்சே இல்லை. ஆனாலும் காலையில் என் கணவர் கழிவறைக்குள் போனால் அம்மா அடுப்பைத் தணித்துவிட்டுச் சுவரோரம் போய் நிற்கிறார். கதவு திறந்ததும் வெளியே வருகிறவர் முகத்தைப் பார்க்கிறார். என் கணவருக்கு இது ஒன்றும் தெரியாது. "பசியாறிட்டீங்களா அத்தை?" என்று கேட்டுவிட்டுப் போவார். அதற்குப் பிறகுதான் அம்மா மூச்சு விடுகிறார்.