முழுப்பேரா, அரைப்பேரா?

போன ஞாயிறு நமுனுகுலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். நடந்துதான்! பதுளைக்கு ரயில் வரும், வரும் என்கிறார்கள், நானும் நம்பிக்கொண்டிருக்கிறேன். உபதேசியாருக்கு நம்புவதுதானே உத்தியோகம்?

போய்ச் சேர்ந்ததும் மழை பிடித்துக்கொண்டது. ஆராதனையைக் கூலியாட்கள் குடியிருக்கும் லயத்திலேயே, எஸ்தரின் வீட்டில் வைத்துக்கொண்டோம். எஸ்தர் கொழுந்து பறிப்பவர். ஈஸ்டருக்கு ஞானஸ்நானம் பெறும்வரை அவர் பெயர் இருளாயி. அடுத்த மாதமே மலைச்சரிவில் கூடையோடு வழுக்கி விழுந்து வலது கையை ஒடித்துக்கொண்டார். கட்டைப் பிரித்த பிறகும் விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை.

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு 'பேர்' போடுவார்கள். சொன்ன அளவு கொழுந்து பறித்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிக் கூலி. காலை முதல் மலையில் நின்று நனைந்திருந்தாலும் பாதிதான். எஸ்தருக்கு இப்போது தினமும் அரைப்பேர்.

அவருடைய அண்ணனுக்குத் தங்கை மேல் உயிர். அதனால்தான் விடாமல் நச்சரித்துக்கொண்டிருந்தார். சாமியை மாற்றியதால்தான் கை போனது, திரும்பி வந்துவிடு, மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று. 'இந்த ஞாயிறு முடிவு சொல்கிறேன்' என்று எஸ்தரும் ஒப்புக்கொண்டிருந்தார். முடிவு கேட்க அண்ணன் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். பிரசங்கம் எப்படி ஓடும்?

எப்படியோ ஓடியது. ஆண்டவர் நம்மை மறப்பதில்லை, பரலோகத்தில் நம் பேரைப் போட்டு வைத்திருக்கிறார் என்று சொல்லி முடித்தேன்.

எஸ்தர் கேட்டார்:

"ஐயா, மேல நம்ம பேரு போட்டிருக்குன்னீங்களே... முழுப்பேருங்களா, அரைப்பேருங்களா?"

ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். அப்போதுதான் புரிந்தது — நான் பெயரைப் பற்றிப் பேச, அவர்கள் காதில் விழுந்தது கூலி! இரண்டும் வேறு என்று விளக்கப் போனேன். நல்லவேளை, நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"முழுப்பேரும்மா. கை ஒடிஞ்சாலும் முழுப்பேருதான்."

எஸ்தர் சிரித்துவிட்டார். கை ஒடிந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எனக்குக் கண் கலங்கியது; மழைச்சாரல் என்று சமாளித்தேன்.

"அண்ணே, நான் இங்கயே இருந்துக்கிறேன்" என்றார் எஸ்தர். "நீ கூழு ஊத்துறப்ப சொல்லு, வந்து தண்ணி தூக்கித் தாறேன்."

"ஒத்தக் கையிலயா?" என்றார் அண்ணன். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கஷ்டமெல்லாம் தீர்ந்த பிறகுதான் சந்தோஷம் வரும் என்று நாம் காத்திருக்கிறோம். அதுவோ, கஷ்டம் இருக்கிற வீட்டுக்கே கூப்பிடாத விருந்தாளியாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. எஸ்தரின் கை இன்னும் சரியாகவில்லை. கூலியும் கூடவில்லை.

நேற்று அந்தத் தோட்டத்துக் கங்காணியைப் பதுளைக் கடைவீதியில் பார்த்தேன். என்னிடம் ஒரு புகார் வைத்திருந்தார்.

"வாங்குறது அரைப்பேரு. ஆனா அந்தப் பொம்பள மல முழுக்கக் கேக்குற மாதிரி பாடுதுங்க. கொஞ்சம் சொல்லி வைங்க, ஐயா."

சொல்கிறேன் என்றேன். யாரிடம் சொல்வது? முழுச் சம்பளம் வாங்கிக்கொண்டு, கோயிலில் வாய்க்குள்ளேயே பாடும் நம் பதுளைச் சபையாரிடம்தான்!