நூறு மில்லிக்குள் அடங்காத தயிர்ச் சட்டி

இரண்டு எருமையோடு தொடங்கினேன். இன்று என் பட்டியில் அறுபத்திரண்டு நிற்கின்றன. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் கல்முனையில் தயிர்க்கடை போட்டேன், சாய்ந்தமருதில் இன்னொன்று போட்டேன், மேல்மாடி வீடு கட்டினேன். கடல் வந்து முதல் கடையை அள்ளிக்கொண்டு போனபோது, நாலாம் மாதமே தகரம் போட்டுத் திறந்தவன் நான். யாரும் ஒரு ஆணி எடுத்துத் தரவில்லை. அப்படிப்பட்டவனைத்தான் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் நூறு மில்லிச் சட்டம் என்று மறித்தார்கள்.

போனது டோஹாவுக்கு. என் மகள் ரிஸ்னா அங்கே ஏழு மாதக் கர்ப்பிணி. சோறு இறங்கவில்லை, இறைச்சி மணமே ஆகவில்லை, நாளுக்கு நாள் மெலிந்துகொண்டு போனாள். “வாப்பா, நம்மட சட்டித் தயிர் ரெண்டு கரண்டி கிடைச்சாப் போதும். இஞ்சத்தக் கடைத் தயிர் வாயில வைக்க ஏலா” என்று போனில் அழுதாள். நான் டிக்கெட் போட்டேன்.

காலை 5.45. சுபஹ் தொழுதுவிட்டு வேனில் ஏறினேன். ஒரு சீட் 5,000 ரூபா. பெரிய பெட்டியில் அரிசிமாவும் மாசிக் கருவாடும். பெட்டியை எறிகிற எறியில் மண்சட்டி தாங்காது என்று, இரண்டு லீற்றர் தயிர்ச் சட்டியை மட்டும் கையில் வைத்துக்கொண்டேன். மகியங்கனை தாண்டிப் பதினெட்டு வளைவில் வேன் ஏறும்போது சட்டி என் மடியில் இருந்தது.

“ஹாஜியார், அதப் பின்னால வைங்களன்” என்றார் சாரதி.

“உன்ட பிரேக்க நம்புறன் தம்பி. இந்த வளைவ நம்பமாட்டன்.”

பிற்பகல் 4.30, விமான நிலையம். பெட்டியை ஒப்படைத்துவிட்டுக் கைப்பையைச் சோதிக்கிற இடத்துக்குப் போனேன். அங்கே நின்ற சிங்களப் பிள்ளை நன்றாகத் தமிழ் கதைத்தாள்.

“மாமா, தயிர் ஏலாது. தண்ணிச் சாமான் நூறு மில்லிதான்.”

“தயிர் தண்ணியா மகள்? இஞ்ச பாருங்க.”

எங்கள் கடையில் ஒரு வழக்கம். வாங்க வருகிறவர் முன்னால் சட்டியைக் கவிழ்த்துக் காட்டுவோம். விழாவிட்டால்தான் அவர் காசு தருவார். அதைத்தான் செய்தேன். அவளுடைய மேசைக்கு மேலே பிடித்துத் தலைகீழாகக் கவிழ்த்தேன். அவள் “ஐயோ!” என்று இரண்டடி பின்னால் பாய்ந்தாள். ஒரு சொட்டு விழவில்லை. வரிசையே சிரித்தது.

“விழாட்டியும் ஏலாது மாமா. ஜாம், பற்பசை, தயிர் எல்லாம் ஒரே கணக்கு. அந்தத் தொட்டியில போடுங்க.”

குப்பைத் தொட்டியில் போடவா அறுபத்திரண்டு எருமை வளர்த்தேன்? மாட்டேன் என்றேன். ஓரமாக நின்று, தண்ணீர்க் குழாயடியில் இருந்த கடதாசிக் கோப்பைகளை எடுத்து, வரிசையில் நின்றவர்களுக்குப் பங்கிட்டேன். அறுகம்பேக் கடலில் அலையில் சறுக்கிவிட்டு வந்த வெள்ளைக்காரன் இரண்டு கோப்பை தின்றான். குவைத்துக்கு வேலைக்குப் போகிற அக்கரைப்பற்றுப் பெண், “காக்கா, சீனி இல்லயா?” என்று சொந்த அண்ணனைக் கேட்கிற மாதிரிக் கேட்டாள். “பிளேனுக்குள்ள கேளுகா, தருவானுகள்” என்றேன்.

தயிர் முடிந்தது. சட்டியின் உள்பக்கம் மெல்லிய படையொன்று ஒட்டியிருந்தது. அதைத் துடைக்கவில்லை. மறுபடி சோதனை இயந்திரத்தின் பெல்ட்டில் வைத்தேன்.

“சட்டியத் துடைங்க மாமா” என்று தாள் நீட்டினாள்.

“துடைச்சா என்ட பயணம் வீண் மகள். இதுல நூறு மில்லி இரிக்கா? வழிச்செடுத்து அளந்து பாருங்க.”

பெரிய அதிகாரியைக் கூப்பிட்டாள். அவர் சட்டிக்குள் எட்டிப் பார்த்தார், மணந்து பார்த்தார். “வெறும் சட்டி” என்று சொல்லிப் போகவிட்டார். அதை வெறும் சட்டி என்று நினைத்தது அவருடைய படிப்பு. பால் ஊற்றினால் வேறு உறைமோர் வேண்டாம், ஒட்டியிருக்கிற படையே உறைய வைக்கும் என்பது என்னுடையது.

டோஹாவில் வீடு போய்ச் சேர்ந்ததும் உடுப்பு மாற்ற முன்னமே பாலைக் கேட்டேன். கடைப் பால் மூன்று லீற்றரை இரண்டாகச் சுண்டக் காய்ச்சி, விரல் பொறுக்கிற சூட்டில் சட்டிக்குள் ஊற்றி, துவாயால் சுற்றி வைத்தேன். காலையில் கவிழ்த்துக் காட்டினேன். விழவில்லை. ரிஸ்னா கரண்டிக்குக் காத்திருக்கவில்லை, கையால் அள்ளினாள். நாலாம் நாள் சோறும் தின்றாள்.

பதினாறு நாள் நின்றேன். டோஹா பெரிய ஊர்தான். ஆனால் சட்டியைக் கவிழ்த்துக் காட்டித் தயிர் விற்கிற ஒரு ஆளை அங்கே நான் காணவில்லை. ஊருக்கு வெளிக்கிடும்போது சட்டியை மகளிடமே விட்டுவிட்டு வந்தேன்.

வந்து மூன்றாம் நாள், ரிஸ்னாவின் புருஷன், என் மருமகன், பேஸ்புக்கில் போட்ட படத்தை ஊரில் இருக்கிற மற்ற மகள் காட்டினாள். தயிர்ச் சட்டியோடு அவர் நிற்கிறார். கீழே, ‘எனது வீட்டுத் தயாரிப்பு’. நூற்றுச் சொச்சம் பேர் மாஷா அல்லாஹ் சொல்லியிருக்கிறார்கள். உடனே போன் எடுத்தேன்.

“பால் வாங்கினது நான்தானே மாமா” என்கிறார்.

அவருக்கு நான் சொன்னது இதுதான்: பால் கடையில் கிடக்கிறது மருமகன், யாரும் வாங்கலாம். அத்தனை பேர் முன்னால் துடைக்கமாட்டேன் என்று நின்றது யார்? அந்தப் படத்தை அழிக்கத் தேவையில்லை. கீழே இருக்கிறதை மாற்றுங்கள்: ‘இந்தச் சட்டியைக் கொண்டுவந்தவர் கல்முனைத் தயிர்க்கடை ஆதம்பாவா’. என் முழுப் பெயரும் வேண்டும்.